சோடியாய் ஒரு கப்பற் பயணம்

மருதனார்மடம் சந்தையில் கத்தரிக்காய் தெரிந்துகொண்டு நின்றபோது, பக்கத்தில் சாக்கு விரித்திருந்த ஆச்சி ஓலைப்பெட்டியின் மூடியைத் திறந்தார். பினாட்டு மணம். நெருப்பில் சுட்ட பனம்பழத்தின் புகைவாசமும் மெல்லிய புளிப்பும் சேர்ந்த மணம் அது. பழத்தைச் சுட்டு, தோலுரித்துப் பிசைந்து எடுத்த களியைப் பாயில் வார்த்து, அது காய்ந்ததும் மேலே இன்னொரு படை வார்த்து, வெயிலில் பல நாள் போட்டு எடுக்கவேண்டும். எங்கள் அம்மா அதைச் சுருட்டி அடுப்படிப் பரணில் வைப்பார். மாரிகாலம் முழுக்கப் புகையில் கிடந்து அது கறுத்துப் போகும்.

"திண்டு பார் பிள்ளை, போன வருசத்தான்" என்று ஆச்சி ஒரு துண்டு பிய்த்துத் தந்தார். வாயில் போட்டேன். சந்தைச் சத்தமெல்லாம் எங்கோ போய்விட்டது. தலைமன்னார் இறங்குதுறையும், தோளில் பையோடு எனக்கு முன்னால் வரிசையில் நின்ற என் கணவருடைய முதுகும்தான் நினைவுக்கு வந்தன.

எங்களுக்குக் கலியாணம் நடந்த ஆண்டு 1983. நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். இவருக்குக் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் ஆய்வுகூட வேலை. மகனுக்கு நல்லபடி கலியாணம் முடிந்தால் சோடியாகச் சிதம்பரத்துக்கு அனுப்புவதாக மாமி நேர்ந்திருந்தார். யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களுக்குத் தில்லை இன்னொரு ஊர் மாதிரி. ஆறுமுக நாவலர் 1864 இல் அங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடக்கினார். எங்கள் ஆட்கள் போய்த் தங்க மடங்கள் இருந்தன.

அம்மாவுக்கு இது துப்புரவாகப் பிடிக்கவில்லை. "புதுசாக் கலியாணம் கட்டின பிள்ளையள் கடல் தாண்டிறதோ? சந்நிதியானிட்டப் போட்டு வந்தாக் காணாதே?" என்று சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மாவின் பயம் வெறும் பயமல்ல. 1964 மார்கழிப் புயலில் தனுஷ்கோடி அழிந்ததும், ஆட்களோடு றெயிலைக் கடல் கொண்டுபோனதும் அவர் காலத்தில் நடந்தவை. அதோடு 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த பிறகு எங்கள் வீடுகளில் யாரும் நிம்மதியாகத் தூங்கியதில்லை. ஐயா மட்டும் எங்கள் பக்கம் நின்றார். "எங்கட அப்பு வல்வெட்டித்துறையில தோணி ஏறிப் போய்ச் சிதம்பரம் கண்ட மனுசன். இதுகள் கப்பலிலதானே போகுதுகள்" என்றார்.

கடைசியில் அம்மா பரணிலிருந்து பினாட்டை இறக்கினார். அதுதான் அவருடைய சம்மதம். கத்தியால் சதுரம் சதுரமாக வெட்டி, ஒட்டாமலிருக்க இடையிடையே ஓலைத்துண்டு வைத்து, ஒரு பிஸ்கற் ரின்னில் அடுக்கினார். "சாப்பாடு பிடிக்காட்டி இதைத் திண்டு தண்ணியைக் குடியுங்கோ" என்றார்.

யாழ்ப்பாணத்திலிருந்து இரவு மெயிலில் மதவாச்சிக்குப் போய், அங்கே தலைமன்னார் றெயினுக்கு மாறினோம். இறங்குதுறையில் 'இராமானுஜம்' நின்றது. அந்தப் பயணத்தில் என் மனதில் மிக ஆழமாகப் பதிந்தவர்கள் மலையகத்து மக்கள். ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்கள். தகரப் பெட்டிகள், சுருட்டிய பாய்கள், அலுமினியப் பாத்திரங்கள், கையில் ஒரு கோழிக்கூட்டின் வெறும் சட்டம். எனக்குப் பக்கத்தில் குந்தியிருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். மடியில் ஒரு குழந்தை. புருசன் பெட்டிக்கு மேலே இருந்து நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க திரும்பி வருவீங்களா அக்கா?" என்று அவள் கேட்டாள்.

"வருவம், கோயிலுக்குத்தான் போறம்" என்றேன்.

"எங்களுக்கு அங்க யாரையும் தெரியாதுக்கா. தாத்தா ஊரு பேரு மட்டும் காயிதத்துல எழுதிக் குடுத்திருக்காங்க."

அவள் பிறந்தது ஹற்றன் பக்கம் ஒரு தோட்டத்தில். இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. நாங்கள் இரண்டு சோடிகளும் ஒரே கப்பலில் ஒரே கடலைத் தாண்டினோம். எங்களிடம் திரும்பிவரும் ரிக்கற் இருந்தது, அவர்களிடம் இல்லை. அந்த வயதில் அதன் பாரம் எனக்கு முழுதாக விளங்கவில்லை. பின்னாளில் நாங்களே பாயையும் சட்டி பானையையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது அந்தப் பெண்ணின் முகம் அப்படியே கண்ணுக்குள் வந்தது.

இராமேசுவரத்தில் சுங்கச் சோதனை நீண்டது. உத்தியோகத்தர் பிஸ்கற் ரின்னைத் திறந்து, கறுப்புச் சதுரமொன்றை விரலால் தூக்கிப் பிடித்து, "என்ன சார் இது, தோலா?" என்றார். இவர் அதை எப்படிச் செய்வது என்று தொழிற்சாலை ஆய்வுகூடத்தில் விளக்குவதுபோல நிதானமாகச் சொல்லி, ஒரு துண்டைத் தானே கடித்துக் காட்டினார். உத்தியோகத்தரும் ஒரு துண்டு வாங்கிச் சுவைத்தார். "பனம்பழத்துல இப்படி ஒண்ணு வருமா?" என்று பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் கொடுத்தார். எங்கள் பொதிகள் அதற்குப் பிறகு விரைவாக நகர்ந்தன.

சிதம்பரத்தில் ஆனி உத்தரக் கூட்டம். நான் கண்ணை மூடிக் கும்பிட்டதைவிட, கூட்டம் நெரித்தபோது இவர் என் கையைப் பிடித்திருந்ததுதான் கூடுதலாக நினைவிருக்கிறது. எங்கள் ஊர் வீதியில் அப்படிக் கைபிடித்து நடக்க அந்நாளில் முடியாது. யாராவது கண்டால் மாலைக்குள் அம்மாவுக்குச் செய்தி போய்விடும். தெரிந்த முகமே இல்லாத அந்தத் தேரோடும் வீதியில்தான் நாங்கள் முதன்முறை புருசன் பெண்சாதியாக ஆறுதலாக நடந்தோம், கதைத்தோம். இவருக்குப் பாட்டுப் பிடிக்கும், மல்லிகை மணம் தலையிடி தரும், கோபம் வந்தால் மௌனமாகிவிடுவார் என்பதெல்லாம் அங்கேதான் தெரிந்தது.

பிறகு சென்னை. கோடம்பாக்கத்தில் அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை, எனக்குக் குஞ்சம்மா, வாடகை வீட்டில் இருந்தார். அங்கே நின்ற நாட்களில்தான் செய்தி வந்தது. யூலை 23 இரவு திருநெல்வேலியில் இராணுவத்தினர் 13 பேர் கொல்லப்பட்டதும், அடுத்த நாளிலிருந்து கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்ததும் பத்திரிகைகளில் வந்தன. என் அண்ணா வெள்ளவத்தையில் அறையெடுத்து இருந்தார். இரவானால் பிபிசி தமிழோசைக்காக றேடியோவைச் சுற்றிக் குந்தியிருப்போம். கொழும்புத் தெருக்களின் பெயர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எனக்குக் கை நடுங்கும். ட்ரங்க் கோல் பதிந்துவிட்டு அஞ்சல் நிலையத்தில் மணிக்கணக்காகக் காத்திருந்தோம், கிடைக்கவில்லை.

ஓகஸ்ட் 2 ஆம் திகதி தமிழ்நாடு முழுவதும் எங்களுக்காகக் கதவடைத்தது. கடைகள் பூட்டு, றெயில் இல்லை, தெருவில் கறுப்புக்கொடி. வீட்டுக்கார அம்மா மேலே வந்து, "சாப்பிடும்மா, உங்க அண்ணனுக்கு ஒண்ணும் ஆகாது" என்று சாதம் போட்டு வைத்துவிட்டுப் போனார். எனக்குச் சோறு இறங்கவில்லை. இவர் அந்த ரின்னைத் திறந்து, ஒரு பினாட்டுத் துண்டை என் கையில் வைத்து, "அம்மா தந்தது. வாயில போடு" என்றார். அழுதுகொண்டே சப்பினேன். புகை மணத்தில் எங்கள் அடுப்படி முழுவதும் இருந்தது. ஆறுதல் வார்த்தை எதையும் இவர் சொல்லவில்லை. அன்று இவர் எனக்குப் பக்கத்தில் இருந்த அந்த இருப்பை இவ்வளவு காலம் கழித்தும் மறக்கவில்லை.

பிறகொரு நாள் ஐயாவின் தந்தி வந்தது. அண்ணா உயிரோடு வந்துவிட்டார். கொழும்பில் பள்ளிக்கூட அகதிமுகாமில் இருந்து, 'லங்கா கல்யாணி' சரக்குக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்திறங்கினாராம். எங்கள் பகுதிச் சனம் சோற்றுப் பார்சலோடு துறையில் நின்றதாம். தந்திக்குப் பின்னால் வந்த கடிதத்தில் அம்மாவின் கையெழுத்து: "பிள்ளை, நீங்கள் இரண்டு பேரும் இப்ப வராதேங்கோ. அங்கயே நில்லுங்கோ."

போகாதே என்று மறித்த அம்மா இப்போது வராதே என்று எழுதினார். இரண்டுமே ஒரே பயம்தான். அக்கம்பக்கத்தவர்களும் எங்களைப் போகவேண்டாம் என்றார்கள். ஓர் இரவு முழுக்க நானும் இவரும் மொட்டைமாடியில் இருந்து கதைத்தோம். "என்ர அம்மா தனிய. வேலையும் இருக்கு. உனக்குப் பள்ளிக்கூடம். போவம்" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். வந்த வழியே திரும்பினோம். வீட்டு வாசலில் எங்களைக் கண்டதும் அம்மா ஒன்றும் பேசாமல் திண்ணையில் இருந்துவிட்டார். பிறகு எழும்பி, ஏன் வந்தனீங்கள் என்று ஏசிக்கொண்டே புட்டவித்தார்.

அதற்குப் பிறகு நெடுங்காலம் நாங்கள் இருவரும் சேர்ந்து நாட்டைவிட்டு வெளியே போகவில்லை. போர் முற்றியதும் இராமேசுவரக் கப்பல் நின்றது. 1990 இல் காங்கேசன்துறையும் எங்கள் மாவிட்டபுரமும் காலியாகின. தொழிற்சாலை மூடப்பட்டது. இவருடைய வேலையும் போனது. கோண்டாவிலில் உறவினர் வளவில் கொட்டில் போட்டோம். குடாநாட்டை விட்டுப் போவதென்றால் புலிகள் இயக்கத்திடம் பாஸ் எடுக்கவேண்டும். பிணைக்கு ஆள் நிற்கவேண்டும். கிளாலியில் இரவோடிரவாகப் படகேறவேண்டும். ஒருவர் கொழும்புக்கு வைத்தியத்துக்குப் போனால் மற்றவர் இங்கே நின்றாகவேண்டும். 1995 ஒக்டோபர் 30 இரவு நாவற்குழிப் பாலத்தில் ஒருவர் கையை ஒருவர் விடாமல் நடந்ததுதான் அந்த ஆண்டுகளில் நாங்கள் சோடியாகப் போன நெடும்பயணம்.

போர் முடிந்த பிறகும் பழக்கம் மாறவில்லை. மகளுக்கு ரொறன்ரோவில் பிள்ளைப்பேறு என்றதும் நான் மட்டும் போனேன். சோடியாக விண்ணப்பித்தால் திரும்பமாட்டார்கள் என்று நினைத்து விசா மறுத்துவிடுவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். மாமியைப் பார்க்கவும் ஆள் வேண்டும். சரக்குத்தூளும் மிளகாய்த்தூளும் சூட்கேசை நிறைத்தன. அங்கே பனியைப் பார்த்துக்கொண்டு நான், இங்கே மாமிக்குக் கஞ்சி வைத்துக்கொண்டு இவர். மகன் லண்டனில் கலியாணம் கட்டியபோது இவர் போனார், நான் நின்றேன். அந்தக் கலியாணப் படங்களில் நான் இல்லை. எங்கள் ஊரில் இப்படிப் பாதிப் படங்கள் இல்லாத வீடு குறைவு. கொழும்பு விமான நிலையத்தில் தனியாக நிற்கிற எங்கள் வயதுப் பெண்களைக் கண்டால் கேட்காமலே தெரிந்துவிடும்: பேரப்பிள்ளை பார்க்கப் போகிறார்கள்; புருசன் வீட்டுக்குக் காவல்.

2023 ஒக்டோபர் 14 ஆம் திகதி 'செரியாபாணி' என்ற கப்பல் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு வந்தது. தொலைக்காட்சியில் அதைக் கண்டபோது இவர் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார். சில நாளில் மாரி தொடங்கி அது நின்றது. 2024 ஓகஸ்ட் 16 ஆம் திகதி 'சிவகங்கை' ஓடத் தொடங்கியது. சுமார் 60 கடல் மைல், ஏறக்குறைய நாலு மணித்தியாலம். காணி விடுபட்டு நாங்கள் மாவிட்டபுரத்துக்குத் திரும்பியிருந்தோம். துறைமுகம் சைக்கிளில் போகிற தூரம். "இஞ்சாருங்கோ, மாமியின்ர நேர்த்தியை இன்னொருக்காச் செய்வமே?" என்று கேட்டது நான்தான்.

பிள்ளைகளுக்குத் தெரிந்ததும் கைபேசி ஓயவில்லை. "அப்பாவுக்கு ஸ்ரென்ற் வைச்சிருக்கு. கப்பலில நடுக்கடலில ஏதும் எண்டால்?" என்றாள் மகள். "பலாலியில இருந்து சென்னைக்கு பிளேன் ஓடுது. அதில போங்கோ" என்றான் மகன். அவன் சொன்னதும் நியாயம். விமானம் ஒன்றேகால் மணித்தியாலத்துக்குள் கொண்டுபோய் இறக்கிவிடும். ஆனால் இவருக்கு அந்தத் துறையிலிருந்துதான் போகவேண்டும். தான் வேலை செய்த இடத்தைக் கடலிலிருந்து பார்க்கவேண்டும். தொண்ணூறைத் தாண்டிய மாமி கட்டிலில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் செத்தால் கப்பலைத் திருப்பேலுமோ?" என்றார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. மாமியே தொடர்ந்தார்: "திருப்பேலாது. அப்ப ஏன் யோசிக்கிறியள்? போட்டு வாங்கோ. நான் இருப்பன்."

மருமகன் முறையான ஒருவன் வந்து மாமியோடு தங்க ஒப்புக்கொண்டான். குளிசைகளை நேரவாரியாகப் பெட்டியில் அடுக்கினேன். மாமிக்கு ஒன்று, இவருக்கு ஒன்று. மருந்துச் சீட்டின் பிரதியை இவருடைய சேர்ட் பையில் வைத்தேன். சித்திரை வருடப்பிறப்புக் கழிந்து ஒரு நாள் வெளிக்கிட்டோம்.

கப்பல் துறையை விட்டு விலகியதும் இவர் கண்ணாடியோரம் போய் நின்றுவிட்டார். வெளிச்சவீடு தெரிந்தது. கீரிமலைப் பக்கம் நகுலேஸ்வரத்தின் கோபுரம். சீமெந்துத் தொழிற்சாலையில் மிஞ்சிய கட்டடங்கள் சாம்பல் நிறத்தில் நின்றன. 1950 இல் தொடங்கி எத்தனை குடும்பங்களுக்குச் சோறு போட்ட இடம். "அந்தா, அதுக்குப் பின்னால எங்கட லாப். சூளையால வாற கிளிங்கர் சூடு ஆறமுதல் மாதிரி எடுக்கவேணும்" என்று பக்கத்தில் நின்ற பொடியனுக்கு விளக்கினார். அந்தப் பொடியன் பிறந்தபோது தொழிற்சாலை மூடி நீண்டகாலம். ஆனாலும் பொறுமையாகக் கேட்டான். கப்பலில் வேளாங்கண்ணிக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பங்கள், புடைவை எடுக்கப் போகிற வியாபாரிகள், கண் வைத்தியத்துக்குப் போகிற முதியவர் என்று எல்லோரும் இருந்தார்கள். எல்லோரிடமும் திரும்பும் ரிக்கற் இருந்தது. அதைக் கண்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

நாகையிலிருந்து காரைக்கால், சீர்காழி வழியாகச் சிதம்பரம் போய்ச் சேர்ந்தோம். இரண்டாம் நாள் காலை மருமகனின் அழைப்பு: மாமிக்குக் காய்ச்சல், தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் வைத்திருக்கிறார்கள். சென்னைக்குக் காரில் போய் விமானம் பிடிப்பதா என்று விடுதி அறையில் கணக்குப் பார்த்தோம். ரொறன்ரோவில் நள்ளிரவு, மகள் விழித்திருந்து ஒவ்வொரு பத்து நிமிடமும் கேட்டாள். இவர் கோபத்தில் போலவே பயத்திலும் மௌனமாகிவிடுவார். அந்த மௌனத்தை எனக்கு நன்றாகத் தெரியும். கையில் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன்.

பின்னேரம் மருமகன் வீடியோவில் மாமியைக் காட்டினான். சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. குரல் மெலிந்திருந்தாலும் தெளிவு குறையவில்லை. "தீபாராதனை பாத்திட்டியளோ?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றோம். "அப்ப முதலில அதைப் பாத்திட்டு வாங்கோ. எனக்கு இஞ்ச ஆக்கள் இருக்கினம்." வைத்தியரும் பயமில்லை என்றதாக மருமகன் சொன்னான். அன்று சாயரட்சையில் கனகசபைக்கு முன்னால் நின்றோம். கூட்டம் இல்லை. ஆனாலும் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். முழங்கால் நோவுக்கு எனக்கும் அந்தப் பிடி தேவைப்பட்டது. குறித்த நாளிலேயே கப்பலில் திரும்பினோம். மாமி வீட்டுக்கு வந்திருந்தார். திருநீற்றைப் பூசிவிட்டு, தேர்வீதி எப்படி இருக்கிறது, கடலில் அலை கூடவோ என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவர் தன் வாழ்நாளில் சிதம்பரம் கண்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்தக் காலத்திலும் வீட்டுக்குக் காவலாக நின்றவர் அவர்.

கவலை இல்லாத வீட்டிலிருந்து பயணம் வெளிக்கிட்டவர்கள் எங்கள் ஊரில் யாரும் இருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. எல்லாக் கவலையும் தீரட்டும் என்று இருந்திருந்தால் நாங்கள் முதல் தரமும் போயிருக்கமாட்டோம், இந்தத் தரமும் போயிருக்கமாட்டோம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன்: அம்மா அப்பாவைக் கூப்பிடும்போது இருவரையும் சேர்த்துக் கூப்பிடுங்கள். வீட்டில் கிழவி இருந்தால், அவவைப் பார்க்க ஓர் ஆளுக்குச் சம்பளம் அனுப்புங்கள். கப்பலில் போகப்போகிறோம் என்றால் மருந்துப் பெட்டியைச் சரிபார்த்துக் கொடுங்கள், மறிக்காதேங்கோ.

எங்கள் வயதுக்காரருக்கும் ஒரு தகவல். கடவுச்சீட்டுக்கு நாங்கள் வவுனியாவுக்கு அலைந்தோம். 2025 செப்ரெம்பரிலிருந்து யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே கடவுச்சீட்டு அலுவலகம் இயங்குகிறது. இந்தியத் துணைத்தூதரகமும் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. கார்த்திகை மாரியில் கடல் கொந்தளித்தால் கப்பல் நிற்கும். அதற்கு முதல், முழங்கால் இடம் கொடுக்கும்போதே, இரண்டு பேருமாகப் போட்டு வாங்கோ.